7487-இல் இரண்டு வரிகள்

அவர் ஒரு சீசாவைக் கையில் எடுத்தால் பெயரைப் படிக்க மாட்டார். பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வார். லேபிளின் கீழ் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். வாய்க்குள் எதையோ பெருக்கிக் கூட்டுவார். பிறகு மேஜை மேல் இருக்கும் தடிப் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து, அந்த எண்ணுக்கு நேரே என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாகத்தான் கட்டைவிரலை எடுப்பார். இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால் “சரி” என்பார். அதற்குப் பிறகுதான் சீசா அலமாரிக்குப் போகும்.

மயில்துத்தச் சீசாவுக்கும் இதே மரியாதைதான். அது கண்ணாடி வழியாகவே நீலமாக மின்னும். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

“நீலக் கலரப் பாத்தாலே தெரியுதேங்க. இதுக்குமா கணக்குப் போடணும்?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“நீலமா எத்தனையோ இருக்குக்கா. பேரையும் யாரு வேணா எழுதி ஒட்டிடலாம்” என்றார்.

எண்பதாம் வருஷத்தை ஒட்டிய காலம். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைப் பரிசோதித்துச் சொல்லும் ஒரு சின்ன லேப் இருந்தது. சுரங்கக்காரர்கள் கல்லை மூட்டையில் கட்டி அனுப்புவார்கள். அதை உடைத்து, பொடியாக்கி, சலித்து வைப்பது என் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவதும் நான்தான். பரிசோதனை பண்ணுவது முதலாளி. மருந்துச் சீசாக்களுக்குப் பொறுப்பு நான் முதலில் சொன்ன அந்தப் பெண். பெரம்பலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனாலும் படித்தவர், ஸ்டோருக்குச் சாவி வைத்திருப்பவர் என்பதால் நான் வாங்க போங்க என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

நான் எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றவள். எதற்கும் பயப்படுகிற சுபாவம். கல்லங்குறிச்சியிலிருந்து நடந்து வரும்போது பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்று நினைப்பு வரும். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பேன். லேபில் சேர்ந்த புதிதில் கை கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்துவிட்டது. எந்தச் சீசா எந்த நேரத்தில் என்ன செய்யுமோ என்று இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு அவர் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் தைரியமாக இருக்கும். என்னைவிடச் சந்தேகக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்கிற தைரியம்.

அந்தப் புத்தகம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியல். செங்கல் கனம். முதலாளி யாரிடமிருந்தோ வாங்கி வந்து போட்டது. மற்றவர்கள் அதை முன்பக்கமாகத் திறந்து மருந்தின் பெயரைப் பார்ப்பார்கள். இவர் பின்பக்கமாகத் திறப்பார். பின்னால் கட்டுக் கட்டாக வெறும் எண்கள், சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே பெயர். உலகத்தில் எங்கே எந்த மருந்தைக் கண்டுபிடித்தாலும் ஒரு பதிவேட்டில் ஏற்றி ஓர் எண் கொடுத்துவிடுவார்களாம்.

“மயில்துத்தம்னு நாம சொல்றோம். நாட்டு மருந்துக் கடையில துருசும்பான். புஸ்தகத்துல காப்பர் சல்பேட். ஜெர்மன்காரன் வேற சொல்லுவான். பேரு ஊருக்கு ஊரு மாறும்க்கா. நம்பர் மாறாது” என்பார்.

“நம்பரத் தப்பா அடிச்சுட்டா?”

அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். என் கையை இழுத்து வைத்து, மயில்துத்தத்தின் எண்ணை எழுதினார். 7758-99-8. கடைசி எட்டை விட்டுவிடச் சொன்னார். அதற்கு முன்னால் இருப்பதை வலதுபக்கத்திலிருந்து ஒன்றால், இரண்டால், மூன்றால் என்று வரிசையாகப் பெருக்கச் சொன்னார். ஒன்பது, பதினெட்டு, இருபத்துநாலு, இருபது, முப்பத்தஞ்சு, நாப்பத்திரண்டு. நான் விரல்விட்டுக் கூட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு வந்தது.

“கடைசில என்னா வந்துச்சு?”

“எட்டு.”

“சீசால கடைசில என்னா இருக்கு?”

“எட்டு.”

“அவ்ளோதான். நடுவுல ஒரு எழுத்துத் தப்பா அடிச்சாலும் கடைசி எழுத்து ஒத்துக்காது. காட்டிக்குடுத்துடும்.”

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எதையுமே திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. உலகத்தில் ஒரு சாமானாவது தான் சரிதான் என்று தானே சொல்கிறதே என்று இருந்தது.

பஸ்ஸில் அவருக்கு நம்பரம்மா என்று பெயர். பெரம்பலூர் பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே கேலியை ஆரம்பிப்பாராம். ஒருநாள் குன்னம் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டு நானும் அதே பஸ்ஸில் வந்தேன், காதால் கேட்டேன்.

“இந்தாங்க நம்பரம்மா, டிக்கெட்டு. கூட்டிப் பாருங்க, போலி டிக்கெட்டா இருக்கப்போவுது.”

பக்கத்தில் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர், “எனக்கும் கூட்டிச் சொல்லும்மா, ஒம்பது வந்தா ராசின்றாங்க” என்று தன் டிக்கெட்டை நீட்டினார்.

நம்பரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, “இதுல கடைசி எழுத்துக்கு வேலையில்லீங்க. சும்மா வரிசைதான்” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. அவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார்.

விக்கிரமங்கலத்திலிருந்து அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். மறுநாள் நான் ஆவலாகக் கேட்டேன்.

“என்னாங்க ஆச்சு?”

“வந்தாங்க. காப்பி குடிச்சாங்க. போயிட்டாங்க.”

“மாப்ள எப்படி?”

“நல்லாத்தான் இருந்தாரு. பி.எஸ்சி. பாஸ்னு சொன்னாங்க. எந்த வருஷம், பதிவு நம்பர் என்னான்னு கேட்டேன்.”

“அய்யய்யோ. அதையா கேட்டீங்க?”

“பேப்பர்ல ரிசல்ட்டு வந்தா நம்பர்தானேக்கா போடறாங்க? பேரா போடறாங்க?”

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாராம். இவருடைய அம்மா ஒரு வாரம் இவரோடு பேசவில்லை. அந்த மாப்பிள்ளை பாஸ் பண்ணியிருந்தாரோ இல்லையோ, அது கடைசிவரை தெரியவில்லை. எனக்கு அன்று அவர்மேல் கொஞ்சம் பயம் வந்தது. இப்படி இருந்தால் இந்தப் பெண்ணுக்கு யார்தான் பாக்கி நிற்பார்கள் என்று நினைத்தேன்.

பேர் இல்லாத தட்டு என்று ஸ்டோரில் ஒரு தட்டு வைத்திருந்தார். எங்கேயோ மூடிப்போன ஒரு சுரங்க ஆபீஸின் சாமான்களை முதலாளி நாலு பெட்டியாக வாங்கிப் போட்டிருந்தார். பெரும்பாலும் வெளிநாட்டுச் சீசாக்கள். மழையில் ஊறி, ராமபாணப் பூச்சி அரித்து, பாதிக்கு மேல் லேபிள் போய்விட்டது. பெயரும் போய் எண்ணும் முழுதாக இல்லாத சீசாக்களை அவர் அந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். மிச்சமிருந்த ஒன்றிரண்டு எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, இத்தன சீசா சும்மா குந்தியிருக்குது. பாத்தா ஓரளவுக்குத் தெரியாதா ஒனக்கு?”

“தெரியுது சார். எழுதத்தான் முடியாது.”

“தெரியுதுன்னா எழுதேன்.”

“தெரியறது வேற சார்.”

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கும் இவரிடம் பயம்தான்.

இதற்குள் எனக்கும் எண் பைத்தியம் பிடித்திருந்தது. சீசா கழுவிக் கழுவி, அடிக்கடி வருகிற எண்களெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. முழுதாக இல்லை. முதல் நாலு எழுத்து. தெருவில் போகிற ஆளை முகத்தை வைத்துத் தெரிந்துகொள்வதுபோல முதல் நாலே போதும் என்று எனக்கு நானே முடிவு பண்ணிக்கொண்டேன். “7758 எடுத்துட்டு வாம்மா” என்று முதலாளியே கேட்பார். நான் மயில்துத்தத்தை நீட்டுவேன். பள்ளிக்கூடம் நின்றவளுக்கு அது பெரிய பெருமை. அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும், “முழுசா சொல்லிப் பழகுங்கக்கா” என்பார்.

7487 என்றால் பேதி உப்பு. லேபிலும் அதற்கு வேலை உண்டு, வீட்டிலும் உண்டு. எங்கள் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் பேதி உப்பை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால் மத்தியானம் ரசம் சோறு. வயிறு சுத்தமாகிவிடும். எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு ஒன்பது, நடுவுள்ளவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு.

கடையில் விற்கும் பேதி உப்பில் என்னென்னவோ கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து கடை உப்பை வாங்கப் பயம். பேர் இல்லாத தட்டைத் துடைக்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பழுப்புச் சீசா கண்ணில் படும். லேபிளில் பெயர் இல்லை. கீழே 7487 என்று மட்டும் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு பூச்சி அரித்த ஓட்டை. உள்ளே வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, கலப்படம் இருக்காது, யாருக்கும் உபயோகமும் இல்லை. என் பயமே என்னை அந்தச் சீசா பக்கம் தள்ளியது என்று இப்போது தெரிகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், லேப் அரைநாள். அவர் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் ஸ்டோருக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன்.

“ஏங்க, 7487-ன்னா பேதி உப்புதானே?”

“முழுசா சொல்லுங்கக்கா” என்றார், தலையைத் தூக்காமல்.

சீசா அதற்குள் என் சாப்பாட்டுப் பையில் துண்டுக்கு அடியில் இருந்தது. எடுத்து எப்படிப் படிப்பது? “சும்மாதான் கேட்டேன்” என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை. இல்லை என்று சொல்லவில்லையே, அப்படியானால் ஆமாம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர் வைத்தேன். சீசாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளினேன். கை இறங்கியது. பேதி உப்பு இவ்வளவு கனக்காதே என்று ஒரு நினைப்பு வந்தது. வெளிநாட்டு உப்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கரையவும் நேரம் பிடித்தது. மூன்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தேன். நடுவுள்ளவன் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான். என் வீட்டுக்காரர் அவனைப் பிடித்துவரப் போனார். “மொதல்ல நீ குடிடி, அதுங்க பாத்துக் குடிக்கும்” என்று பெரியவள் கையில் டம்ளரைக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் எங்கள் தெருமுனையில் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள். அவர் முதல் பஸ் பிடித்து அரியலூரில் இறங்கி, லேபுக்குப் போய்விட்டு, அங்கிருந்து கல்லங்குறிச்சிக்கு நடந்தே வந்திருக்கிறார். கையில் அந்தத் தடிப் புத்தகம். தெருமுனையில் நின்றவர்களிடம், “கதவு நம்பர் மூணு பை நாப்பத்தேழு எதுங்க?” என்று கேட்டிருக்கிறார். லேப் ரிஜிஸ்தரில் என் விலாசம் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவில் தன் வீட்டு எண்ணே யாருக்கும் தெரியாது. ஒருவர் மேற்கே காட்ட, ஒருவர் கோயில் பக்கம் காட்ட, அவர் தெருவை இரண்டு சுற்று சுற்றியிருக்கிறார். கடைசியில்தான் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “அவ வூடா? தோ, அந்த வேப்பமரம்” என்று உடனே காட்டிவிட்டார்கள்.

அவர் வாசலில் வந்து நின்றபோது பெரியவள் டம்ளரை வாயில் வைத்துவிட்டாள். வைத்தவள் முகத்தைச் சுளித்து, பொளிச்சென்று துப்பினாள்.

“அம்மா, காசு நக்குனாப்ல இருக்கு.”

அவர் கத்தவில்லை. உள்ளே வந்து அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். சின்னவள் கையிலிருந்ததையும் வாங்கினார். “வாய கொப்புளிச்சுத் துப்பு பாப்பா. முழுங்காத. இன்னொருதரம். இன்னொருதரம்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சீசா எங்கக்கா?”

கொடுத்தேன். அவர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்தார்.

“நம்பர் சொல்லுங்க.”

“7487.”

“அப்புறம்?”

“அப்புறம் ஓட்டைங்க.”

“ஓட்டைக்கு அப்புறம்?”

அப்போதுதான் பார்த்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம், லேபிளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒரே ஓர் எழுத்து இருந்தது. ஏழு.

அவர் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தார். 7487-இல் தொடங்குவது அதில் இரண்டே வரி. ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேல் வரி 7487-88-9. கீழ் வரி 7487-94-7. மேலே விரலை வைத்து, “இது பேதி உப்பு. கடைசில ஒம்பது” என்றார். விரலைக் கீழே இறக்கினார். “இதுக்குத்தான் கடைசில ஏழு.”

“அது என்னாங்க?”

“நாட்டு மருந்துல வீரம்னு சொல்லுவாங்க. பாதரச விஷம்.”

அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். “முட்டை இருக்கா? வெள்ளைக்கரு மட்டும் எடுங்க” என்றார். லேப் சுவரில் எந்த விஷத்துக்கு என்ன கொடுப்பது என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை நான் வெறும் சுவராகத்தான் பார்த்திருக்கிறேன். பெரியவளுக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைக் குடிக்க வைத்தார்.

என் வீட்டுக்காரர் பையனை இழுத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “ஒரு எழுத்த வச்சிக்கிட்டு விஷம்ன்றீங்களே. பேதி உப்பாட்டந்தான இருக்கு?” என்றவர், ஒரு டம்ளரை எடுத்துப் பக்கத்திலிருந்த பழைய அலுமினியக் குண்டானில் ஊற்றிவிட்டார்.

“அலுமினியத்துல ஊத்தாதீங்க. மண்சட்டி கொண்டாங்க” என்று அவர் சொல்வதற்குள் ஊற்றியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் குண்டானின் உள்பக்கம், தண்ணீருக்கு மேலே நனைந்திருந்த இடத்தில் வெள்ளையாக மயிர் முளைக்க ஆரம்பித்தது. பூஞ்சை மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் அகலத்துக்கு எழும்பியது. தொட்டால் குண்டான் சுட்டது. என் வீட்டுக்காரர் பெரியவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கல் ஏற்றிப்போன லாரி ஒன்றை நிறுத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புத்தகத்தோடு அவரும் ஏறிக்கொண்டார். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோது பெயரையும் சொன்னார், எண்ணையும் சொன்னார். சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, விழுங்கவில்லை, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டேன்.

“எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

“நேத்து வேலைக்குப் பேதி உப்பே வேண்டியிருக்கல. அப்புறம் எதுக்குக் கேட்டாங்கன்னு வூட்டுக்குப் போயி நெனச்சேன். பையில இருந்த நோட்ட எடுத்துப் பாத்தேன். அந்தச் சீசாவுக்கு 7487, கடைசில 7-ன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். காலைல லேபுல போயிப் பாத்தா தட்டுல அந்தச் சீசா இல்ல, புஸ்தகத்த எடுத்துக்கிட்டு ஓடிவந்தேன்.”

“அப்ப அது விஷம்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மை இல்லை. “சந்தேகம் இருந்துச்சு. அந்தப் புத்தகத்துல இல்லாத சாமான் எவ்ளோவோ இருக்கே. அதனால எழுதல” என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவரே முதலாளியிடம் போய், பேர் இல்லாத தட்டில் ஒரு சீசா வெளியே போய்த் திரும்பி வந்தது என்று சொல்லிவிட்டார். நான் அடுத்த அறையில் கல் சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடை என் கையில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க, அவர் சொல்ல மாட்டார், என் பிள்ளையைக் காப்பாற்றினவர் என்னையும் காப்பாற்றுவார் என்று சொல்லிக்கொண்டேதான் படுத்திருந்தேன். லாரியில் கல் ஏற்றப் போகும் என் வீட்டுக்காரருக்கு அந்த மாதம் சரியாக லோடு இல்லை. என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது.

“யாரு எடுத்தா?” என்றார் முதலாளி.

அவர் என் பெயரைச் சொன்னார். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ரிஜிஸ்தரில் இருக்கிறபடி முழுதாகச் சொன்னார். பிறகு, “இன்னொரு பேரும் எழுதிக்குங்க சார்” என்று தன் பெயரையும் சொன்னார். “அதுல விஷம் இருக்கும்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சந்தேகத்த லேபிள்ல எழுதாம விட்டேன். ஸ்டோரையும் பூட்டாம வச்சிருந்தேன்.”

“ஒன்ன யாரு கேட்டா? ஸ்டோரப் போயிப் பாரு” என்றார் முதலாளி.

அன்று மத்தியானத்தோடு எனக்கு வேலை போய்விட்டது. அவருக்கு வேலை இருந்தது. கேட்டில் நான் வெளியே வரும்போது அவர் என் பின்னால் வரவில்லை. பேர் இல்லாத தட்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சீசாவாக எடுத்து, சிவப்பு மையில் ‘சந்தேகம்’ என்று தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆறவே இல்லை. “புள்ளயக் காப்பாத்த அத்தன தூரம் நடந்து வந்தவ, ஒரு பொய்யச் சொன்னா என்னா கொறஞ்சிருவா?” என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார். நான் வெங்காயம் உரிக்கப் போனேன், பருத்தி எடுக்கப் போனேன். எனக்கும் ஆறவில்லைதான். பெரியவள் சாப்பிட உட்காரும்போது ஒரு மாதிரி இருக்கும். அவள் எழுந்து போனபிறகு காலிச் சட்டியைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

இப்போதெல்லாம் போனில் எண்ணைத் தட்டினால் மருந்தின் பெயர் வந்துவிடுகிறது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கை மருமகன் தட்டிக் காட்டினார். 7487-94-7 என்று முழுதாகச் சொன்னேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டார். மருமகனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

வேலை போன இரண்டு மாதம் கழித்து, புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலுக்குக் கூட்டமான கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை யாரையும் வழி கேட்கவில்லை. பெரியவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், ஈறு, நாக்கு, உள் கன்னம் என்று ஒவ்வொன்றாக. பிறகு கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மனதில் வைத்திருந்ததை நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏம்மா, அன்னிக்கு எலி தள்ளிவிட்டுச்சு, சீசா ஒடஞ்சிபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ வேல போயிருக்குமா?”

“போயிருக்காது” என்றார் அவர்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“அன்னிக்கு நான் பொய் சொல்றத நீங்க அடுத்த ரூம்ல இருந்து கேட்டிருப்பீங்கக்கா. அதுக்கப்புறம் நான் ஒரு சீசாவக் காட்டி, இது ஒண்ணும் பண்ணாதுன்னா, கை வைப்பீங்களா?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். வந்தவருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. மோரைக் கரைத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். எடுத்துக்கொண்டு வரும்போதுதான் கைக்கு உறைத்தது. அந்த மூன்று டம்ளரில் ஒன்று. எத்தனையோ தடவை புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், சுடுதண்ணீரில் போட்டு எடுத்துவிட்டேன். ஆனாலும் பாதியில் நின்றேன். வேறு பாத்திரத்தில் மாற்றலாமா என்று திரும்பினேன்.

“இங்க கொண்டாங்கக்கா” என்று அவர் கையை நீட்டினார்.

கொடுத்தேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்தார்.

“உப்பு கம்மியா இருக்குக்கா” என்றார்.